மீன்தோல் மேன்மைக் குழுவின் ஏழாவது கூட்டம்

மனிதகுலம் ஆதிகாலம் முதல் மீன் தோலை யோசிக்காமலே தூக்கி எறிந்து வந்திருக்கிறது. எறிவதற்கு முன் ஒரு கூட்டம் போட வேண்டும் என்று முதன்முதலாகக் கண்டவர் நம் தலைவர்தான். அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பறித்துவிட முடியாது.

முப்பத்தைந்து ஆண்டுகள் கண்காணிப்பாளராக இருந்து, விறைப்புக் குறையாமல் ஓய்வு பெற்றவர். விறைப்புக்குக் காரணம் பரம்பரை என்பார் அவர். கஞ்சி போட்ட சட்டை என்பாள் மனைவி. "எங்களுடையது கடல் வணிகக் குடும்பம்" என்று கேட்காதவரிடமும் சொல்வார். பொய் என்று சொல்லிவிட முடியாது. அவருடைய அப்பா சந்தையில் மீன் வெட்டினார். வெட்டுக்கட்டைக்கும் கடல் வணிகத்துக்கும் இடையே இருந்த தூரத்தைத் தலைவர் தம் சொந்த முயற்சியால் கடந்திருந்தார்.

அதே கட்டையில் இன்றும் மீன் வெட்டுகிற தங்கை ஒருத்தி உண்டு. வழியில் எதிர்ப்பட்டால் தெரியாதவர்போல் போய்விடுவது என்று இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தம் போட்டவர் அவர். ஒரு நாளும் மீறாதவள் அவள்.

குழுவின் நோக்கம் உன்னதமானது. மீன் தோலிலிருந்து கொலாஜன் என்ற புரதத்தைப் பிரித்து, தீக்காயத்தின்மேல் ஒட்டும் மெல்லிய படலம் செய்ய வேண்டும். பத்து மாதங்களில் ஆறு கூட்டங்களும் நான்கு துணைக்குழுக்களும் வந்துவிட்டன. படலம் மட்டும்தான் வரவில்லை.

ஏழாவது கூட்டத்தில் ஆராய்ச்சியாளர் அம்மையார் எழுந்தார்.

"ஐயா, வர்ற தோல் பூரா ப்ளீச்சிங் பவுடர். அதுல கொலாஜன் எங்க மிஞ்சும்?"

எழுத்தர் விதிப்புத்தகத்தைப் பிரித்தார். "தோல், கழிவுன்னு பதிவாகியிருக்கு மேடம். பவுடர் தூவாம கழிவு வண்டியில ஏறாது."

"அப்ப மூலப்பொருள்னு மாத்துங்க."

"மாத்தினா டெண்டர் விடணும். டெண்டருக்கு மீன்தோல் வித்த அனுபவம் மூணு வருஷம் வேணும்."

"தூக்கி எறியிற சாமானை எவன் மூணு வருஷமா வித்தான்?"

"அதனாலதான் மேடம் யாரும் வரல."

தலைவர் திருப்தியோடு தலையசைத்தார். நிர்வாகம் என்றால் இப்படி எறும்பு நுழைய இடமில்லாமல் இருக்க வேண்டும்.

அம்மையார் ஒரு கண்ணாடித் தட்டை மேசைமேல் வைத்தார். அதில் ஈரத்துணிபோல் வெள்ளை வெளேரென்று ஒரு படலம். "போன மாசம் சந்தையில ஒரு அம்மா, உரிச்ச கையோட தோலை ஐஸ்ல போட்டுக் கொடுத்தாங்க. ஒரு கிழிசல் இல்லை. அதுல வந்தது இது. அவங்களையே கூட்டிட்டு வந்திருக்கேன்."

உள்ளே வந்தவளைப் பார்த்ததும் தலைவர், எதிரே இருந்த தண்ணீர்க் குவளையை ஊன்றிப் படிக்கத் தொடங்கினார். அவளுடைய வலது முன்கை முழுவதும் துணி சுற்றியிருந்தது. கொதிக்கும் அண்டா சரிந்து பதினைந்து நாளாகிறது.

"தோலை எப்படிம்மா உரிக்கிறீங்க?" என்றார் அம்மையார்.

எழுத்தர் முந்திக்கொண்டார். "வாலைப் பிடிச்சு இழுக்கிறதுதானே?"

"வாலா? கிழிஞ்சுடும்யா! தலைப்பக்கம் கீறி, விரல்ல உப்பைத் தொட்டுக்கிட்டு ஒரே இழுப்பு!" என்றது ஒரு குரல். அது தலைவருடையது.

எழுத்தர் விதிப்புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார். "ஐயாவுக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சேன்."

"நல்ல வாத்தியார் போல," என்றாள் அவள். "எங்கப்பாவும் இப்படித்தான் சொல்லிக் கொடுப்பாரு."

அம்மையாருக்கு அவசரம். "ஐயா, இந்தப் படலத்தை முதல்ல இவங்க கையிலயே ஒட்டலாம். ஆஸ்பத்திரியில இன்னிக்கே தயார். தள்ளிப் போட்டா கை இறுகிடும், அப்புறம் கத்தி பிடிக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரத்த உறவு ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போட்டா போதும்."

எழுத்தர் படிவத்தை எடுத்தார். "புருஷன்?"

"போய்ச் சேந்துட்டாரு."

"பிள்ளைங்க?"

"இல்லை."

"கூடப் பிறந்தவங்க?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அண்ணன் ஒருத்தர். ஏதோ மெத்தை வெச்ச நாற்காலியில உக்காந்திருக்காருன்னு கேள்வி." பிறகு தலைவரை நேராகப் பார்த்தாள். "பெரியவங்க நீங்களே சொல்லுங்க சார். எனக்கு அண்ணன் இருக்காரா, இல்லையா? நீங்க சொல்றதையே எழுதிக்கட்டும்."

தலைவர் எழுந்து நின்றார். பேத்திக்குக் கூடிவந்திருக்கும் சம்பந்தம், வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை, இந்த எழுத்தரின் வாய் எல்லாம் அவர் கண்முன் வந்துபோயின. ஒரு கையைக் காப்பாற்ற எந்த மருத்துவராலும் முடியும். ஒரு குடும்பத்தின் மானத்தைக் காக்க அவரைப் போன்ற ஒருவர்தான் வேண்டும்.

"ஆதாரமில்லாத உறவைக் குழு ஏற்பதற்கில்லை" என்றார். குரல் துளியும் நடுங்கவில்லை.

"சரிங்க சார்" என்றாள் அவள். அவிழ்ந்திருந்த துணி முனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

எழுத்தர் கூட்டக் குறிப்பை வாசித்தார்: "மனுதாரருக்கு உடன்பிறந்தோர் எவரும் இல்லை என்பது தலைவரால் உறுதிசெய்யப்பட்டது."

இவ்வளவு பிழையற்ற குறிப்பை அந்த அலுவலகம் அதற்கு முன் கண்டதில்லை. அதன் கீழே, தேதியிட்டு, அவளுடைய அண்ணன் கையெழுத்துப் போட்டார்.