டேப் அண்ணனும் ஓட்டைச் சால்வையும்

ஓட்டையைக் கண்டால் எட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு, திட்டுகிறவர்கள் உண்டு, தாண்டிப் போகிறவர்கள் உண்டு. கண்டவுடன் அடைக்கக் கிளம்பிய ஒரே மனிதர் எங்கள் கம்பெனி பஸ் டிரைவர்தான். ராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு எங்களை அள்ளிக்கொண்டு போனவர். அவர் பெயர் ஹெச்.ஆருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் டேப் அண்ணன்.

சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் உட்கார்ந்திருக்கும். சீட் கிழிந்தால் டேப், ஜன்னல் ரப்பர் விட்டால் டேப். என் டிபன் பாக்ஸ் மூடியில் ஒரு விரிசலைப் பார்த்துவிட்டுச் சுற்றிச் சுற்றி ஒட்டிக் கொடுத்தார். மத்தியானம் அதைத் திறக்க மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ரோட்டில் பள்ளம் விழுந்திருந்தால், வீடு கட்டுகிற யாரிடமாவது "ஒரு சட்டி ஜல்லி குடுண்ணா" என்று வாங்கிக் கொட்டி, அதன்மேல் பஸ்ஸை முன்னும் பின்னும் ஓட்டி அமுக்கிவிட்டுத்தான் நகருவார். நாங்கள் உள்ளே மாவு சலிப்பதுபோல ஆடிக்கொண்டிருப்போம்.

பேச்சில் இடைவெளி விழுந்தாலும் அவருக்குப் பொறுக்காது. "என்னாம்மா, எல்லாரும் எழவு வீட்டுக்கா போறீங்க? தக்காளி என்னா வெலைன்னாவது சொல்லுங்க!" என்று தமிழில் தொடங்கி, தெலுங்கில் வளர்த்து, கன்னடத்தில் முடிப்பார்.

அப்பேர்ப்பட்டவரின் பஸ்ஸுக்குள் ஒரு நாள் லேஸ் சால்வை வந்தது.

கொண்டுவந்தவர் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன் மேரி அக்கா. பழைய கல்யாணப் போட்டோ ஒன்றில் மணப்பெண்ணின் தோளில் கிடந்த சால்வையைப் பார்த்து, அதே மாதிரி சந்தன நிற நூலில் குரோஷாப் பின்னல் போட்டிருந்தார். விசிறி விசிறியாகப் பூ, ஒவ்வொரு விசிறிக்கும் நடுவே கண் மாதிரி ஒரு சின்ன இடைவெளி. பஸ்ஸில் பாதிப் பேர் ஆளுக்கொரு கொக்கி ஊசி வாங்கி அவரிடம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தோம்.

டேப் அண்ணன் கண்ணாடியில் பார்த்துப் பதறினார். "ஏம்மா மேரி, நூலு பத்தலையா? இத்தனை ஓட்ட வுட்டிருக்கற?"

"அது ஓட்டை இல்லண்ணா, டிசைனு."

"எங்க வீட்டுக் கூரையிலகூடத்தான் இருக்குது டிசைனு!"

அதோடு போயிருக்கும். ஆனால் ஒரு நாள் அவர் மனைவி மஞ்சுளா அக்கா ஓசூருக்குப் போக எங்கள் பஸ்ஸில் ஏறினார். ரோஜாப்பூத் தோட்டத்தில் வேலை. வெட்டி வந்த பூவைக் குளிர் ரூமில் வைத்துத் தரம் பிரித்துக் கட்டுகிற வேலை. மேரி அக்கா விளையாட்டாகச் சால்வையை அவர் தோளில் போட்டுவிட்டார். மஞ்சுளா அக்கா இன்னும் வெளிச்சம் வராத ஜன்னல் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது மடித்துக் கொடுத்துவிட்டு, புருஷனிடம் மெதுவாகச் சொன்னார்: "அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு இந்த மாதிரி ஒண்ணு போட்டுக்கிட்டா நல்லாருக்கும்."

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான் என்று டேப் அண்ணனே பிறகு சொன்னார். மேரி அக்கா தானே போட்டுத் தருவதாகச் சொன்னதற்கு, "என் பொண்டாட்டி என்னைத்தான கேட்டா?" என்று மறுத்துவிட்டார்.

ஷிப்டு முடியும்வரை பஸ் டிரைவர்களுக்கு வேலை கிடையாது. மற்றவர்கள் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள். டேப் அண்ணன் பஸ் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டுக் கொக்கியைக் கையில் எடுத்தார். "என்னா டேப்பு, வளைகாப்பா?" என்று வெளியே இருந்து கேட்பார்கள். "ஆமாண்டா, உனக்குத்தான்!" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

முதலில் போட்ட சங்கிலித் தையல் கிளட்ச் கேபிள் மாதிரி இருந்தது. அதற்குள் ஊசியே நுழையவில்லை.

"அண்ணா, ஸ்டியரிங்க புடிக்கற மாதிரி புடிக்காத. கோழிக்குஞ்ச புடிக்கற மாதிரி புடி" என்றார் மேரி அக்கா. கொஞ்சம் பெரிய ஊசியாகவும் வாங்கிக் கொடுத்தார். கை மெல்ல இளகியது. விசிறிப் பூவும் வந்துவிட்டது. கண்தான் வரவில்லை. இரண்டு சங்கிலி போட்டு இடம் விடவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் மனிதர் நாலு தையல் குத்தி நிரப்பிவிடுவார். சால்வை என்று அவர் கொண்டுவந்ததை சீட்டில் வைத்தோம். மடங்காமல் தானே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"இதுக்கு டிக்கெட் வாங்கணும் போலிருக்கே" என்றேன் நான்.

மேரி அக்கா நுனியைப் பிடித்து இழுத்தார். குரோஷாவில் அது ஒரு விபரீதம். ஒரு நூலை இழுத்தால் அத்தனையும் பிரிந்து வரும். "அய்யோ, நிறுத்து நிறுத்து!" என்று டேப் அண்ணன் அலறிய அலறலில் வாட்ச்மேன் ஓடி வந்தார்.

மறுபடி போட்டார். மறுபடியும் நிரப்பினார். மேரி அக்கா கோபத்தில் கேட்டார், "ஏண்ணா, சொன்னா கேக்கவே மாட்டியா?"

"அவ கை வெறைச்சுப் போயி வீட்டுக்கு வர்றாம்மா" என்றார் அவர். "ஓட்ட வுட்டா காத்து பூந்துக்காதா?"

மேரி அக்கா அதற்குமேல் இழுக்கவில்லை.

கல்யாணம் நெருங்கிய சமயத்தில் மஞ்சுளா அக்கா மறுபடி பஸ்ஸில் வந்தார். டிரைவர் சீட்டுக்கு அடியில் பையைப் பார்த்து, அதிலிருந்ததை எடுத்து விரித்தார். "இது என்னா, மிதியடியா?"

டேப் அண்ணன் பேச வாயெடுத்தார். "சும்னிரி" என்று கன்னடத்தில் அடக்கிவிட்டு அந்த அம்மாள் சொன்னார்: "குளிருக்குத் தோட்டத்துல ஜாக்கெட் குடுக்கறாங்க. நான் குளிருக்கா கேட்டேன்? நாலு பேர் நடுவுல அழகா நிக்கக் கேட்டேன்."

பஸ்ஸில் ஒரு சத்தமில்லை. அந்த மௌனத்தை டேப் அண்ணன் நிரப்பவில்லை. கம்பெனி கேட் வரும்வரை அப்படியே விட்டிருந்தார். அன்றைக்கு மத்தியானம் நூல் நுனியைத் தானே இழுத்துப் பிரித்தார்.

அதன் பிறகு நாங்கள் பட்ட பாடு! மனிதர் ஓட்டிக்கொண்டே மனப்பாடம் செய்வார். "அஞ்சு போடு, ரெண்டு சங்கிலி... வுடு. அஞ்சு போடு, ரெண்டு சங்கிலி... வுடு!" அந்த "வுடு" மட்டும் பல் பிடுங்குகிற மாதிரி வரும். திரும்பும்போது ஓரத்தில் போடவேண்டிய சங்கிலியை மறந்ததால் ஒரு பக்கம் ஒடுங்கிக்கொண்டே போனது. "ஒடுங்கின பக்கம் இடது தோளுக்கு, போ" என்று மேரி அக்கா தீர்ப்புச் சொன்னார். முடிந்ததும் நனைத்து, பஸ்ஸின் கடைசி சீட்டில் விரித்து இழுத்து, துணிக் கிளிப் மாட்டிக் காயவைத்தோம். அப்படி இழுத்துக் காய்ந்தால்தான் லேஸ் கண் திறக்கும். திறந்தது. டேப் அண்ணன் அதைத் தூக்கி, அதன் வழியே வெளிச்சத்தைப் பார்த்தார். "ஓட்டைதான்" என்றார். "ஆனா நல்லாத்தான் இருக்குது."

நாகரசம்பட்டியில் கல்யாணம். மேரி அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை, நான் போயிருந்தேன். மாமரம்கூட வாடுகிற வெயில். மஞ்சுளா அக்கா பட்டுப் புடவைக்குமேல் அந்தச் சால்வையோடு பந்தியில் உட்கார்ந்திருந்தார். கழற்றச் சொன்னவர்களை எல்லாம் முறைத்தார். ஒரு பெரியம்மா தொட்டுப் பார்த்து, "என்னாடி, ஒரே ஓட்டையா இருக்குது?" என்றார். சாம்பார் வாளியோடு வந்த டேப் அண்ணன் நின்றார். "அது ஓட்டை இல்ல பெரியம்மா, டிசைனு."

கை கழுவப் போகையில் மஞ்சுளா அக்காவின் பின்னால் நின்றேன். பின்னங்கழுத்துக்கு நேராக, ஒரு கையகலத்துக்கு மட்டும் கண்களே இல்லை. மீந்த நூலில் நெருக்கமாக நிரப்பியிருந்தது. திரும்பி டேப் அண்ணனைப் பார்த்தேன். அவர் வாளிக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

"அங்க மட்டும் அவளுக்கு ரொம்பக் குளிரும்மா" என்றார்.

மேரி அக்காவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் பிரித்துவிடுவார்.