அப்பாவின் பெட்டியும் என் பெட்டியும்

சாவு வீட்டுக்கு எதைக் கொண்டுபோவது என்பதில் மனிதனுக்குக் கொஞ்சம் புத்தி வேண்டும். மாலை கொண்டுபோகலாம். தண்ணீர் போத்தல்களை அட்டைப்பெட்டியோடு கொண்டுபோகலாம். ஒன்றும் கிடைக்காவிட்டால் சோகமான முகம் போதும். ஓர் ஆள் தூக்க முடியாத கித்தார் ஆம்ப்பை, அதாவது ஒலிபெருக்கிப் பெட்டியை, கொண்டுபோகக் கூடாது. நான் கொண்டுபோனேன். அதுவும் யாரோ ஒருவர் சாவுக்கு இல்லை, என் சொந்த அப்பாவின் சாவுக்கு.

அந்த ஆம்ப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதிதாகச் செய்ததுதான், ஆனால் பழைய காலத்து அமைப்பு. வெளிர்மஞ்சள் துணி ஒட்டிய மரப்பெட்டி, தோல் கைப்பிடி, உள்ளே பழைய ரேடியோவில் இருப்பதுபோல் கண்ணாடி டியூப்கள். சுவிட்சைப் போட்ட உடனே பாடாது, டியூப் சூடேற வேண்டும். அதுவரை அதன் முன்னால் கைகட்டி நிற்பேன் (தேவாலயத்தில்கூட அப்படி நின்றதில்லை). சத்தக் குமிழை இரண்டில் வைத்தால் டோன், அதாவது அந்த நாதம், வராது, ஐந்தில் வைத்தால் அக்கம்பக்கத்தார் வந்துவிடுவார்கள். சுங்கை பட்டாணி நகரில் எனக்குத் தொழிற்சாலை வேலை, வாரக் கடைசியில் சுங்கை லாலாங்கில் அப்பா வீட்டு வரவேற்பறையில் கச்சேரி. அந்த வயதில் டோனைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. வாசிக்கத்தான் சரியாக வராது.

அப்பா எஸ்டேட் ரப்பர் மில்லில், மெஷின் பக்கத்திலேயே நின்று ஆயுளைக் கழித்தவர்.

"டேய், கொறைடா. மில்ல மூடி எவ்ளோ வருசமாச்சு, என் காதுல இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"பா, இது சத்தம் இல்ல பா, டோன்."

"அந்தக் கருமத்தையும் சேத்துக் கொறை."

பிறகு அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருநாள் என்னைக் கிட்டே வரச் சொன்னார். "என்னைத் தூக்குறப்போ அந்தப் பாட்ட வாசிடா." அந்தப் பாட்டு என்றால், சவரம் செய்யும்போது அவர் விசிலடிக்கும் தேவாலய ஞானப்பாட்டு. "ஆனா மெதுவா வாசி. ஒரு தடவையாச்சும்."

வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன். ஆட்டும்போதே மூன்றில் வைப்பதா, நான்கில் வைப்பதா என்று மனதுக்குள் யோசித்துக்கொண்டிருந்தேன் (இப்படியும் ஒரு பிள்ளை).

அடக்கத்தன்று நானும் மாமா மகனும் ஆம்ப்பை இறக்கியபோது என் அக்கா ஸ்டெல்லா வாசலிலேயே மறித்தாள்.

"சும்மா மரக் கித்தார், அந்தக் கபோக் போதும்லா தம்பி. எதுக்குடா பொணம் மாதிரி கனக்குற சாமானெல்லாம்?" சொன்ன பிறகு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கபோக்ல அந்த டோன் வராதுக்கா."

வீட்டுக்கு முன்னால் கூடாரம், அதன் நடுவில் அப்பாவின் பெட்டி, தலைமாட்டில் என் பெட்டி. பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கியதும் வாடகைக்கு எடுத்திருந்த ஸ்பீக்கர் படுத்துவிட்டது.

"தம்பி, ஒங்க பெட்டியில மைக் போகுமா?" என்றார்.

என் ஆம்ப் தேவை என்று சொன்ன ஒரே மனிதர் அவர்தான். புளகாங்கிதத்தோடு மைக்கைச் செருகினேன்.

ஒலியை நடுங்க வைக்கும் வசதி ஒன்று அந்த ஆம்ப்பில் உண்டு. காலால் மிதித்தால் நடுங்கும், மறுபடி மிதித்தால் நின்றுவிடும். அந்த மிதிகட்டை ஒயரோடு தரையில் கிடந்தது, கடைசியாக முகம் பார்க்க உறவுக்காரர்கள் பெட்டியைச் சுற்றிவரும் வழியில். முதலில் மிதித்தது அத்தை. "நம் சகோதரர் அமைதியானவர்" என்று பாஸ்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் உடைந்து நடுநடுங்கியது.

"பாஸ்டரே அழுவுறாருடி!" என்றது ஒரு குரல். கூடாரம் முழுக்க ஓலம். அடுத்த ஆள் மிதித்ததும் பாஸ்டர் சட்டென்று தேறிக்கொண்டார். அதற்கடுத்தவர் மிதித்ததும் மறுபடி தேம்பினார். அவர் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நான் சவப்பெட்டிக்கு மறுபக்கம் கித்தாரோடு மாட்டிக்கொண்டு, கூட்டத்தைத் தாண்ட முடியாமல் விழித்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். எதிரொலிக்காக அந்த ஆம்ப்புக்குள் நீளமான ஸ்பிரிங்குகள் இருக்கும். பெட்டியை இடித்தால் ஸ்பிரிங் குலுங்கி, ஸ்பீக்கரில் இடிச்சத்தம் கேட்கும். ஆண்கள் அப்பாவைத் தூக்கித் திரும்பியபோது, அவர் பெட்டி என் பெட்டியில் மோதியது.

இடி விழுந்தது. கூடாரமே குனிந்தது.

"ஐயோ சாமி, போவ மனசில்லாம ஒதைக்கிறாரு!" என்று பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா அலறினார். தூக்கியவர்கள் அப்பாவைப் பாதியிலேயே இறக்கி வைத்தார்கள். மாமா மகன் ரோட்டு வரைக்கும் ஓடிவிட்டான். ஆம்ப்புக்குள் நீலமாக ஏதோ மின்னியது, கருகல் நாற்றம் வந்தது, எல்லாம் அடங்கியது. அன்றைக்கு அந்த வீட்டில் அது இரண்டாவது சாவு.

மாமா மகனைப் பிடித்து வந்து மறுபடி தூக்கினார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் இருந்தது கரண்ட் கித்தார், ஆம்ப் இல்லாவிட்டால் கொசுவுக்குக்கூடக் கேட்காது. அவமானத்தில் அப்பாவோடு நானும் அந்தப் பெட்டிக்குள் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"வாசிடா," என்றாள் ஸ்டெல்லா அக்கா.

வாசித்தேன். கம்பியை விரல் தொடும் சத்தம்தான் வந்தது. அழுதுகொண்டிருந்தவர்கள் அதைக் கேட்பதற்காக வாயை மூடிக்கொண்டார்கள். தூக்கியவர்கள் காலடிச் சத்தம் வராமல் நடந்தார்கள். அப்பா போகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணில் தண்ணீர் நிறைந்து கம்பி தெரியவில்லை. தப்பும் தவறுமாக, அழுதுகொண்டே வாசித்தேன்.

பெட்டியைத் தொட்டபடி நடந்துவந்த அம்மா என் பக்கம் வந்ததும் ஒரு நொடி நின்றார். "இப்பதான்டா அவரு கேட்ட மாதிரி வாசிக்கிற," என்றார்.

அன்றிலிருந்து சொந்தத்தில் யார் செத்தாலும் எனக்குத் தகவல் சொல்பவர்கள், "தம்பி, வெறுங்கைய வீசிட்டு வா" என்று ஒரு வரியைச் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். ஆம்ப்பைப் பழுது பார்த்துவிட்டேன். அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். நான் சுவிட்சைப் போட்டு, டியூப் சூடேறக் காத்திருக்கும்போது சமையலறையிலிருந்து குரல் வரும்.

"டேய், அப்பாவுக்கு வாசிச்ச மாதிரி வாசி!"

என் மனைவியும் மகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் கித்தாரிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்தப் பாட்டை எடுப்பேன். அம்மா வந்து, கூரைக் காற்றாடியை நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்காருவார்.