வீட்டுக்கு இத்தனை பெயரா, ஆண்டவரே!

“…ஆண்டவருக்கு அர்த்தம் சொல்லிக் குடுத்தது மதி! ஒரு ஆமென் சொல்லுங்க, பழம்பொரி கரியுது!”

நான் பெண் பார்க்கப் போன வீட்டில், அந்தப் பெண் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இது. (‘மதி’ என்றால் மலையாளத்தில் ‘போதும்’.) அப்போது நான் கண்களை இறுக மூடி, கைகூப்பி, ஜெபம் செய்துகொண்டிருந்தேன். அவள் முகத்தைக்கூட இன்னும் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

பேச்சு ஒரு வியாதி. எனக்கு அது தொற்றிய இடம், கேரள எல்லையோரம் அமரவிளையில் நான் நடத்தும் ஹார்டுவேர் கடை. ஒருவர் வந்து வாரியல் கேட்பார். அடுத்தவர் துடைப்பம் என்பார். மலையாளக்காரர் சூல் என்பார். மூன்று பேருக்கும் நான் எடுத்துக் கொடுப்பது ஒரே சாமானைத்தான். ஒரு பொருளுக்கு இத்தனை பெயர்களா என்று வியந்து வியந்து, அவற்றை மனதில் சேர்த்து வைக்க ஆரம்பித்தேன். (பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு இலவசமாகக் கிடைத்த கல்லூரி அது.) சேர்த்து வைத்தவன் சும்மா இருந்திருக்கலாம். ஆணி வாங்க வந்தவருக்கும் இணைச்சொல் சொல்லி அனுப்பினேன்.

இதனால் என் கல்யாணம் தள்ளிக்கொண்டே போயிற்று. செங்கல் என்ற ஊரில் ஒரு வீட்டிலிருந்து தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள்: “பையன் நல்லவனாக்கும். ஆனா ரேடியோவுக்குக்கூட ஒரு சுவிட்ச் உண்டு.”

எனவே வெள்ளறடைக்குப் பெண் பார்க்கப் புறப்பட்ட அன்று, பஸ்ஸில் ஏறியது முதல் அக்கா ஒரே பாட்டு.

“எலே, இது கடைசி இடம் கேட்டியா. இனி உனக்குப் பொண்ணு தேடி நடக்க எனக்குக் காலு இல்ல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்.”

“சரி அக்கா.”

“பேரு கேட்டா பேரு மட்டும். அந்தப் பேருக்க அர்த்தம் கேக்கல்ல.”

“சரி அக்கா.”

“அந்த ‘சரி’யும் வேண்டாம். தலைய ஆட்டு, போதும்.”

தலையை ஆட்டினேன். வெள்ளறடை வரை ஆட்டிக்கொண்டே போனேன்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே, பூச்சு வேலை பாதியில் நின்ற வீடு. பெண்ணின் அப்பா ராஜய்யன் மாமா வாசலில் நின்று வரவேற்றார். அம்மா இல்லாத வீடு. சமையல் எல்லாம் மகள் ஜெசிதான். ஒரு லேபில் வேலை செய்கிறாள், பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மலையாளம் என்று தரகர் சொல்லியிருந்தார். உள்ளே எண்ணெய் சடசடத்தது. பழம்பொரிக்கு ஏத்தம்பழத்தை, அதாவது நேந்திரம்பழத்தை, மாவில் முக்கிப் பொரிக்கிற அந்த வாசனை வந்தது. மாமா பேர் கேட்டார். பேர் மட்டும் சொன்னேன். தொழில் கேட்டார், தொழில் மட்டும் சொன்னேன். அக்காவின் முகத்தில், சர்ச் மணி அடித்து ஓய்ந்ததைப் போல ஒரு நிம்மதி.

அப்போதுதான் அது நடந்தது. எங்கள் பக்கத்துச் சபைக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. வந்த விருந்தாளியிடம், சாயா குடிப்பதற்கு முன் ஒரு ஜெபம் செய்யச் சொல்வார்கள். அது மரியாதை. பெண் பார்க்க வந்தவன் என்றால் பரீட்சையும்கூட. ஜெபம் தொடங்கிவிட்டால் ஆமென் வரும்வரை யாரும் கண் திறக்க மாட்டார்கள், அசைய மாட்டார்கள்.

“தம்பி ஒரு சின்ன ஜெபம் பண்ணணும்,” என்றார் மாமா. ‘சின்ன’ என்ற சொல்லை அவர் தெளிவாகவே சொன்னார். இன்றைக்கும் அதைச் சத்தியம் செய்து சொல்கிறார்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு முழு ஜெபம் இருந்தது. ஜெசி அடுப்படியிலிருந்து சாயாவைக் கொண்டு வைத்துவிட்டு, கதவோரம் நின்றாள். சின்ன ஜெபம்தானே என்று எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலேயே விட்டு வந்திருந்தாள்.

“அன்பின் பரலோகப் பிதாவே, இந்த வீட்டுக்காக ஸ்தோத்திரம்,” என்று ஆரம்பித்தேன்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ‘வீடு’ என்ற சொல் தன்னந்தனியாக நிற்பதுபோல் தோன்றியது. பாவம், அதற்குத் துணைக்கு ஆள் வேண்டாமா?

“இந்த இல்லத்துக்காக, மனைக்காக, அகத்துக்காக, உறைவிடத்துக்காக ஸ்தோத்திரம்.”

“ஆமென்,” என்றார் மாமா.

எனக்குப் புல்லரித்தது. இத்தனை நாளில் என் சொற்களுக்குக் கிடைத்த முதல் பாராட்டு! உற்சாகம் பொங்கியது.

“மலையாளத்தில் பவனம் என்றும் கிருகம் என்றும் சொல்லப்படுகிறதற்காக ஸ்தோத்திரம். குருவிக்குக் கூடாகவும், எலிக்கு வளையாகவும், புலிக்குக் குகையாகவும், குதிரைக்கு லாயமாகவும்…”

“ஆமென்!” இம்முறை மாமாவின் குரல் உயர்ந்திருந்தது. ஆவியில் நிறைந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அக்கா என் தொடையைக் கிள்ளினாள். அவளும் உருகிவிட்டாள் என்று நினைத்தேன். ஏதோ கருகும் வாடை வந்தது. ரப்பர் ஷீட்டை உலர்த்துகிற புகைப்புரை பக்கத்தில் இருக்கும் என்று நினைத்தேன். (அன்று நான் நினைக்காதது ஒன்றுதான். வாயை மூடலாம் என்பது.)

“ஓலைக் கூரையானாலும் காங்கிரீட்டானாலும், பூச்சு வேலை முடியாவிட்டாலும்…”

“ஆமென்! ஆமென்!” இப்போது மாமாவோடு அக்காவும் சேர்ந்துகொண்டாள்.

சபையே எழுந்து நின்று கேட்பதுபோல் இருந்தது எனக்கு. குரலை உயர்த்தினேன்.

“கர்த்தாவே! வீடு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பதை நீர் அறிவீர். இதுவரை சொன்னது முதல் பொருள். இனி இரண்டாவது பொருளாவது…”

அந்த இடத்தில்தான் கதவோரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

கண்ணைத் திறந்தேன். மாமா தெரியவில்லை, அவ்வளவு புகை. சாயாவின் மேல் ஆடை படிந்து சுருங்கியிருந்தது. “ஆமென்,” என்றேன், எனக்கே கேட்காத குரலில். ஜெசி அடுப்படிக்கு ஓடினாள். மாமா இருமிக்கொண்டே ஜன்னல்களைத் திறக்கப் போனார்.

அக்கா எழுந்தாள். “வா மக்கா, செருப்பப் போடு,” என்றாள். திட்டவில்லை. அதுதான் வலித்தது. கடைசி இடமும் போயிற்று என்று அவள் தோள்கள் சொல்லின.

இப்போதும் எங்கள் குடும்பத்தில் யார் நீட்டிப் பேசினாலும், யாராவது ஒருவர் கண்ணை மூடி “ஆமென்!” என்பார். என் மகள் ஸ்கூலில் டீச்சரிடமே சொல்லிவிட்டு வந்தாள். ராஜய்யன் மாமா, இன்று எனக்கு மாமனார், என்னை ஜெபம் செய்யச் சொல்லும் முன் தவறாமல் கேட்பார்: “மக்கா, அடுப்புல ஒண்ணும் இல்லல்லா?”

எல்லோரும் கதையைப் புகையோடு முடித்துவிடுவார்கள். மிச்சத்தை அவர்கள் பார்க்கவில்லை. மாமா ஜன்னலோடு போராடிக்கொண்டிருந்தார். அக்கா வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் எழ மறந்து நாற்காலியிலேயே இருந்தேன்.

ஜெசி அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் தட்டு, தட்டு நிறையக் கரி. அதை டீப்பாயில் வைத்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு, எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

“மலையாளத்துல வீடுன்னா வீடு மட்டும்தான்,” என்றாள். “அந்த ரெண்டாவது அர்த்தம் என்னவாக்கும்?”

நான் வாசலைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். மோட்சம் என்று சொல்லத் திறந்த வாயை, வாழ்க்கையில் முதல்முறையாக யாரும் சொல்லாமலே மூடிக்கொண்டேன்.

“மெதுவாச் சொன்னா மதி,” என்றாள். “இப்ப அடுப்பு அணைஞ்சாச்சு.”

பிறகு தட்டைக் கிளறி, கருகல் குறைந்த பழம்பொரி ஒன்றைத் தேடி எடுத்து, இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை என் பக்கம் நீட்டினாள்.