கேபிள் சித்தர் அணைக்கச் சொன்ன பெட்டி

கீழ்பென்னாத்தூர் ஸ்கேன் சென்டர் வாசல்ல அன்னைக்குத் திருவிழாக் கூட்டம். கை ஒடிஞ்சு வந்தவன்கூட வலியை மறந்து எட்டி எட்டிப் பார்க்கிறான். என்ன விசேஷம்? கேபிள் சித்தர் வர்றாராம்! ஆமாங்க, 2008-ல நம்ம ஜில்லாவுக்குன்னு புதுசா முளைச்ச சித்தர். கம்ப்யூட்டருக்குப் பிடிச்ச பேயை ஓட்டுவார். ஒருத்தர் பேசாத செல்போனை ஏந்திக்கிட்டு நிக்கிறார். ஒரு அம்மா டி.வி. ரிமோட்டை மஞ்சத் துணியில முடிஞ்சு கொண்டாந்திருக்கு. அடக் கடவுளே!

சமாசாரம் இதுதான். முதலாளி பரசுராமனுக்குத் திருவண்ணாமலையில தலைமை ஆபீஸ். கீழ்பென்னாத்தூர்லயும் செங்கத்துலயும் கிளை. ஸ்கேன் படம் எடுக்கிறது இங்க, பார்த்துச் சொல்ற டாக்டர் செங்கத்துல. மூணு ஊர்லயும் ரூட்டர்னு ஒரு பெட்டி. முன்னெல்லாம் படம் திருவண்ணாமலைக்குப் போய்த்தான் செங்கம் போகும். இப்ப நேர்வழி போட்டுட்டாங்க. தலைமை ஆபீஸ்கிட்ட விலாசம் மட்டும் கேட்டுக்கிட்டு ரெண்டு பெட்டியும் நேராப் பேசிக்கும். ஆனா இங்க கரண்டு போய் வந்தா அந்த நேர்வழி செத்துடுது. அன்னைக்குக் காலையிலயும் அதே கதை.

சித்தர் வந்து ரூட்டர் முன்னால கண்ணை மூடினார். காரணம் கிடைச்சுடுச்சு.

"மலையைக் கும்பிடாம குறுக்கால போனா அண்ணாமலையார் சும்மா இருப்பாரா? அதுவும் புருஷனை இழந்தவ கை பட்ட பெட்டி!"

அந்தக் கை இந்தக் கிளையோட இன்ஜினியர் தென்றலுடையது. புருஷன் போனப்புறம் இந்த வேலையிலதான் அவ வீட்ல அடுப்பு எரியுது. பரசுராமன் அத்தனை பேர் முன்னாலயும் சொன்னார்: "நாளையிலேருந்து வராதம்மா. சாமி சொல்லிட்டார்." பி.காம். படிச்ச மனுஷன்! தென்றலுக்கு அவமானத்துல முகம் சிவந்துபோச்சு.

"பூஜைக்கு முன்னால மூணு ஊர்லயும் பெட்டியை அணைச்சுடுங்க. முடிஞ்சதும் போடுங்க" அப்படின்னார் சித்தர். முன்னால ரெண்டு தடவை இப்படித்தான் பண்ணார், ரெண்டு தடவையும் சரியாச்சு. அதான் இவ்வளவு புகழ்.

"சாமி, இன்னைக்கு எதையும் அணைக்காம பண்ணுங்க" அப்படின்னா தென்றல். "மந்திரத்துக்குச் சக்தி இருந்தா சுவிட்ச் எதுக்கு? சரியாச்சுன்னா நானே போயிடறேன்."

கூட்டம் சித்தரைப் பார்த்துச்சு. பாவம், மாட்டிக்கிட்டார். மணி அடிச்சார், கற்பூரம் ஏத்தினார், ரூட்டர் தலையில விபூதி கொட்டினார். படம் நகரலை.

"இவ உள்ள நிக்கிறாளே, எப்படி நடக்கும்?"

"சரிங்க சாமி." தென்றல் போய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில நின்னா. மறுபடியும் கற்பூரம். படம் அசையவே இல்ல. சித்தருக்கு வேர்த்துக் கொட்டுது.

தென்றல் அங்கிருந்தே செங்கம் கிளைக்குப் போன் போட்டா. "அப்பாதுரை அண்ணே, உங்க ரூட்டரை மட்டும் அணைச்சுப் போடுங்க." டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அவரே கூப்பிட்டார்: "வந்துடுச்சும்மா! டாக்டர் படம் பார்த்துக்கினு இருக்கார்!"

"என் மந்திரம் இப்பத்தான் பலிச்சுது!" உள்ள படம் நகர்ந்ததைப் பார்த்துட்டுச் சித்தர் விடுவாரா?

தென்றல் உள்ள வந்து, ரூட்டருக்கு இன்டர்நெட் குடுக்கிற மோடத்தை, கரண்டு போய் வந்த மாதிரி பிடுங்கி மறுபடி சொருகினா. நேர்வழி திரும்பவும் போச்சு. "இன்னொரு தடவை பலிக்க வைங்க சாமி." சித்தர் செருப்பைத் தேட ஆரம்பிச்சுட்டார்.

"கரண்டு போய் வந்தா நம்ம பெட்டியோட விலாச நம்பர் மாறிடும் சார்" அப்படின்னு முதலாளிக்கு விளக்கினா. "தலைமை ஆபீஸுக்கு அது தெரியும். செங்கம் பெட்டி மட்டும் பழைய நம்பரையே வச்சுக்கிட்டு, காலி பண்ணின வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு இருக்கு. அணைச்சா அது மறந்துடும், புது நம்பரைக் கேட்டு வாங்கிக்கும். நானும் இந்தப் பெட்டியையே அணைச்சு அணைச்சுப் பார்த்து ஏமாந்தேன். சாமி மூணையும் அணைக்கச் சொன்னதுலதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு. பழசைச் சீக்கிரம் மறக்கிற மாதிரி மாத்தி வச்சுட்டா, இனிமே அணைக்கவும் வேணாம்."

அப்புறம் குரலை உசத்திக் கேட்டா: "கோளாறு செங்கம் பெட்டியில. நான் செங்கம் பக்கமே போனதில்ல. என் கை எப்படி சார் அங்க பட்டுச்சு?"

பரசுராமன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "சரிம்மா, நாளைக்கு வந்துடு" அப்படின்னு முணுமுணுத்தார்.

"வராதன்னு சத்தமா சொன்னீங்க. வான்னும் சத்தமா சொல்லுங்க சார்."

சொன்னார். கேட்கத்தான் அங்க ஆள் இல்ல. ஆட்டோவுல ஏறின சித்தரைத் துரத்திக்கிட்டு, "சாமி, எங்க வீட்டு ரிமோட்டு..."ன்னு கூட்டம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஏன்யா, ஒரு பொம்பளையை வேலையை விட்டுத் துரத்துறதுக்கு முன்னால ஒரே ஒரு சுவிட்சைப் போட்டுப் பார்க்கணும்னு ஒருத்தனுக்கும் தோணலையே, மூளையை வேற எதுக்குத்தான் வச்சிருக்கீங்க?