தூண் பக்கத்து டிவி

"வைத்தி வூட்ல புது டிவி வாங்கப் போறாங்களாம். எந்த டிவின்னு அவுர ஏன் கேக்குற, அந்தம்மாவ கேளு. இவுரு தூக்கிகினு வர்ற ஆளு."

மைன்ஸ் பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டிலிருந்து வந்த குரல். நைட் ஷிப்ட் முடித்து நான் தூங்குகிறேன் என்ற நம்பிக்கையில் கிறிஸ்துதாஸ் என்னைப் பற்றி யாரிடமோ சொன்னான். நான் கண்ணைத்தான் மூடியிருந்தேன், காதை அல்ல. அவன் எனக்கு அடுத்த குவார்ட்டர்ஸ். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். என் வீட்டில் யார் பேசுகிறார்கள், யார் பேசுவதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸே பற்றியிருக்க வேண்டும். நிலக்கரிக்கு நடுவில் வேலை பார்க்கிறவன். என் கோபம் சட்டென்று பற்றிக்கொள்ளும். அணைப்பதற்கு வீட்டில் அன்புக்கரசி இருக்கிறாள். என் மனைவி. பெயரில் அன்பு முன்னால் வரும். வீட்டில் அரசிதான் முன்னால் வருவாள்.

அன்றே சபதம் எடுத்தேன். இந்த டிவியை நான்தான் முடிவு செய்வேன்.

சபதத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை கிரிக்கெட். அங்கே மத்தியானம் ஆட்டம் என்றால் நமக்குக் காலை. நைட் ஷிப்ட்காரனுக்கென்றே கடவுள் செய்த ஏற்பாடு. அதைக் கெடுப்பதற்கென்றே, முந்தின ராத்திரி போட்ட சீரியலைக் காலையில் மறுபடி போடுகிறார்கள். நேற்று அழுதவள் இன்றும் அதே சேலையில் அழுவாள். அன்புக்கரசி அடுப்படி வாசலில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து, கொத்தவரங்காய் நறுக்கியபடி அவளோடு சேர்ந்து மூக்கை உறிஞ்சுவாள். ரிமோட் அவள் மடியில் இருக்கும்.

நான் முதலில் தனியாக வடலூர் கடைக்குப் போனேன். இரண்டு டிவிகளை அருகருகே வைத்திருந்தார்கள். ஒன்று ஜன்னல் பக்கம், ஒன்று தூண் பக்கம். ஒரே அளவு, ஒரே விலை, இரண்டிலும் எச்.டி. என்று ஒரே ஸ்டிக்கர்.

"ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?" என்று கடைப் பையனைக் கேட்டேன்.

"தூண் பக்கத்து டிவிய எங்கேருந்து பாத்தாலும் படம் தெரியும் சார். ஜன்னல் பக்கத்து டிவி நேரா பாத்தா கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு இருக்கும். பக்கவாட்டுல பாத்தா எல்லார் மூஞ்சியும் கரி பூசின மாதிரி இருக்கும். அத எடுக்காதீங்க."

எனக்குப் புல்லரித்தது. எங்கள் வீட்டில் டிவி வைக்கிற இடத்துக்கு அடுப்படி வாசல் பக்கவாட்டில்தான் இருக்கிறது. காலைச் சமையலை விட்டு அவளால் நகர முடியாது. சீரியல் கரியாகத் தெரிந்தால் ரிமோட் தானாக என் கைக்கு வரும்.

"தம்பி, எனக்கு அந்தக் கரி டிவிதான் வேணும்" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

ஆனால் அதை வாங்குவது எப்படி? நான் நீலம் என்றால் அன்புக்கரசி பச்சை என்பாள். கீழ் வீடு கேட்டேன், மாடி வீட்டில் இருக்கிறோம். ஆகவே தூண் பக்கத்து டிவியை நான் புகழ வேண்டும். அவள் வீம்புக்கு ஜன்னல் பக்கத்து டிவியைக் கேட்பாள். நான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்துதாஸையும் கூப்பிட்டேன். "வாய்யா, எங்க வூட்ல யாரு முடிவு பண்றாங்கன்னு வந்து பாரு."

கடையில் தூண் பக்கத்து டிவியின் முன் நின்று பொழிந்து தள்ளினேன். "என்னா கலரு. என்னா தெளிவு. வாங்கினா இதத்தான் வாங்கணும். இது என் முடிவு. இதுக்கு மேல பேச்சே கெடையாது."

அன்புக்கரசி டிவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சரிங்க" என்றாள்.

"என்னா?"

"நீங்க சொன்னா சரிதாங்க. அதையே எடுத்துடுங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வாக்கியத்துக்காக ஏங்கியிருக்கிறேன். அது வருகிற நேரமா இது?

"அவசரப்படாத அன்பு. அந்த ஜன்னல் பக்கத்து டிவியும் மோசமில்ல. உனக்குன்னு ஒரு எண்ணம் இருக்கும்ல?"

"எனக்கு என்னங்க தெரியும். பேச்சே கெடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க? ஆம்பள பேச்ச மாத்தலாமா?"

கிறிஸ்துதாஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "மன்னிச்சுக்க வைத்தி. உன்னத் தப்பா நெனச்சுட்டேன். வூட்டுக்கு வூடு சொல்றேன் பாரு."

இனி எப்படி மாற்றுவது? பல்லைக் கடித்துக்கொண்டு பணத்தைக் கட்டினேன். பெட்டியை நான்தான் தூக்கினேன். கடைப் பையன் ஆட்டோ வரைக்கும் ஒரு கை கொடுத்தான்.

"அக்கா கெட்டிக்காரங்க சார்" என்றான். "முந்தாநேத்தே வந்தாங்க. ரெண்டு டிவிக்கும் பக்கவாட்டுல போயி, அருவாமணையில உக்கார்ற மாதிரி தரையில உக்காந்து பாத்தாங்க. 'எங்க வூட்டுக்காரரு, மைன்ஸ்காரரு, இங்க வந்திருப்பாரே, எத கேட்டாரு'ன்னு விசாரிச்சாங்க. சொன்னேன். 'அப்படின்னா ஞாயித்துக்கெழம வந்து இன்னொண்ணத்தான் புகழுவாரு, நீ குறுக்க பேசிடாத தம்பி'ன்னுட்டுப் போனாங்க."

பெட்டியை அங்கேயே போட்டு உடைத்திருப்பேன். ஆனால் தள்ளி ஆட்டோ பக்கத்தில் நின்ற கிறிஸ்துதாஸ் இன்னும் என்னை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் இந்தியா ஆட்டம். ஷிப்ட் முடித்து வந்தபோது டிவியில் அதே சேலைக்காரி அழுதுகொண்டிருந்தாள். அன்புக்கரசி அரிவாள்மணையில் உட்கார்ந்திருந்தாள். ரிமோட் அவள் மடியில் இருந்தது. நேராகப் போய் டிவிக்கு முன்னால், அடுப்படியை மறைத்துக்கொண்டு, இடுப்பில் கைவைத்து நின்றேன். இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டியதுதான்.

"ஏங்க" என்றாள், காயிலிருந்து நிமிராமல். "கொஞ்சம் நவுருங்க, மறைக்குது."

நகர்ந்தேன்.