பாப்பாவின் காதுகுத்துக்கு மாற்று மடி அனுப்பும் விவரம்

புந்தோங், ஈப்போ
சனிக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் கோகிலனுக்கு,

உடையப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாரியம்மாவும் வேனும் சுகம். கோலா கங்சாரில் நீங்களும் என் தங்கச்சி விமலாவும் மூணு வயசு பாப்பாவும் அதைவிடச் சுகமாக இருக்க எல்லாச் சாமியையும் கேட்டிருக்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் விமலா அழுவாள், அவள் அழுதால் நானும் அழுவேன், கடைசியில் என்ன முடிவு எடுத்தோம் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஆகவே தெளிவாக, உறுதியாக, எழுத்து மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்: நாளை பாப்பாவின் காதுகுத்துக்கு நான் வரப்போவதில்லை. நன்றாக யோசித்து எடுத்த முடிவு, யாரும் மாற்ற முயல வேண்டாம்.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான், மெனோரா சுரங்கப்பாதை. போன வருஷம் கச்சாங் பூத்தே கடலைச் சரக்கை வேனில் ஏற்றிக்கொண்டு உங்கள் ஊருக்கு வரும்போது அதற்குள் ரோடு ஜாம் ஆகி, முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி, எனக்கு நெஞ்சு அடைத்து மூச்சு முட்டி, அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். டாக்டர் இருதயத்தைச் சோதித்துப் பார்த்து, இருதயம் ஜோரா இருக்கு, இது பயம் என்றார். அதற்கப்புறம் சுரங்கம் வேண்டாம் என்று சுங்கை சிப்புட் வழியாகப் பழைய ரோட்டில் வந்தேன். அந்த ரோட்டுலயும் ஒருநாள் லாரிக்குப் பின்னால மாட்டிப் படபடன்னு வந்துச்சு, அதையும் விட்டேன். பிறகு மேம்பாலம் வேணாம்னேன், பேரங்காடி கார்ப் பார்க் வேணாம்னேன், லிப்ட் வேணாம்னேன். இப்ப வீட்டுலேர்ந்து எனக்குச் சம்பளம் கொடுக்கிற தவுக்கே கார்த்திகேசு கடை வரைக்கும்தான் என்னோட மலேசியா. வேன் ஓட்டினவன் உட்கார்ந்து கச்சாங் பொட்டலம் கட்டுறேன். எனக்காகக் காதுகுத்தை ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளி வச்சீங்க, அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி.

மாரியம்மா விடுவாளா? சர்ச்சுக்குப் பின்னால இருக்கிற ஆலோசனை நிலையத்துக்கு இழுத்துக்கிட்டுப் போனா. அங்க மெலிண்டான்னு பத்து காஜா ஊர்க்காரப் பொண்ணுதான் கவுன்சலர். சொத்தைப் பல்லைப் புடுங்குற மாதிரி இந்தப் பயத்தைப் புடுங்கிருங்கம்மான்னு கேட்டேன். அது என்ன சொல்லுச்சு தெரியுமா? "புடுங்க மாட்டேன் அங்கிள். வந்தா வரட்டும், அதுக்கு இடம் கொடுங்க. உங்களுக்கு முக்கியமான காரியத்தை அதையும் கூட்டிக்கிட்டே போய்ச் செய்யுங்க. ஏற்பும் உறுதியும், அதுதான் இந்த வைத்தியம்" அப்படின்னுச்சு. ரோட்டுல பென்ஸ் காருக்கே இடம் கொடுக்காதவன் நான், பயத்துக்கு இடம் கொடுக்கணுமாம். பயம் போகாதுன்னா இங்க எதுக்கு வரணும், அதுதான் வீட்டுலயே கிடைக்குதேன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு கோவிச்சுக்கல.

அடுத்த பாடம், மனசு சொல்றதையெல்லாம் உத்தரவுன்னு எடுத்துக்கக் கூடாதாம். 'செத்துருவேன்'னு மனசு சொன்னா, சரி, 'செத்துருவேன்'ங்கற நினைப்பு வந்திருக்குன்னு பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டு நம்ம வேலையைப் பார்க்கணுமாம். பேர் கூப்பிடறதுதானே? ரப்பர் தோட்டத்துல பிறந்தவனுக்கு இதைச் சொல்லித் தரணுமா? எங்க அப்பா ஆளுங்களை வேலை வாங்குற மண்டோரா இருந்தாரு. விடியறதுக்கு முந்தி பெரட்டு, எல்லாரும் வரிசையா நிப்பாங்க, கணக்கு எழுதுற கிராணி பேர் கூப்பிடுவாரு, ஆஜர் சொல்லிட்டு அவங்கவங்க பால்வெட்டப் போயிருவாங்க. நானும் பெரட்டு எடுத்தேன் மச்சான். கடையில கச்சாங் மூட்டைங்க முன்னால விறைப்பா நின்னுக்கிட்டு, "படபடப்பு!"ன்னு கூப்பிட்டு, நானே "ஆஜர்!" சொன்னேன். "மூச்சு முட்டல்!" "ஆஜர்!" "செத்துருவேன்!"னு கூப்பிட்டதும் தவுக்கே கரண்டியோட ஓடி வந்தாரு, அடுப்புல ஒரு சட்டி கடலை கருகிப்போச்சு. அவரு மாரியம்மாவுக்குப் போன் போட்டு, உன் புருஷன் ஆளே இல்லாம பெரட்டு எடுக்கிறாரு, என்னான்னு பாருன்னாரு. மறுநாள் வேப்பிலையோட பூசாரி வந்துட்டாரு. மெலிண்டாகிட்ட சொன்னா அது சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "நல்ல முறை அங்கிள், மத்தவங்களுக்கும் சொல்லித் தரட்டா?"ன்னு கேட்டுச்சு. மனசுக்குள்ள கூப்பிட்டாப் போதும்னும் சொல்லுச்சு. அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லா.

இன்னொரு நாள், "பயமே இல்லேன்னு வச்சுக்குங்க, நாளைக்கு எங்க போவீங்க?"ன்னு கேட்டுச்சு. கோலா கங்சாருக்கு, லக்சா சாப்பிடன்னேன். "லக்சா மட்டும்தானா அங்கிள்?" இல்லம்மா, என் தங்கச்சி மக என் மடியில உட்கார்ந்து காது குத்திக்கணும், அது பொறந்த நாள்லேர்ந்து அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்னு சொன்னேன். அப்பவே மெலிண்டா, அப்ப அந்தப் பக்கமா தினம் கொஞ்சம் கொஞ்சமா வேனை ஓட்டுங்கன்னுச்சு. ஓட்டினேன். ஒருநாள் டோலுக்கு முன்னால ஓரமா நிறுத்தி, கண்ணை மூடி, வா ராஜா வான்னு பயத்தை வரவேத்துக்கிட்டு இருக்கேன், ரோந்துக் கார் வந்து நிக்குது. "கெனாப்பா, என்சிக்?", என்னாச்சு ஐயாங்கறாரு அந்த மலாய்க்காரத் தம்பி. ஒண்ணுமில்ல, பயத்தை ஏத்துக்கிட்டு இருக்கேன்னு மலாயில சொன்னேன். வாயை ஊதச் சொன்னாரு. ஊதினேன். அப்புறம் என்ன தோணுச்சோ, பக்கத்துல உட்கார்ந்து தன் மாமியாரைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. மாமியாருக்கும் இடம் கொடுங்க தம்பின்னேன். வேனை வீட்டுக்கே திருப்பிட்டேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஏற்பு என்ற பாடத்தில் நான் முழுசாகத் தேறிவிட்டேன். உடையப்பன் கோலா கங்சாருக்கு வர முடியாதவன் என்பதை மனதார ஏற்றுக்கொண்டேன், எவ்வளவு நிம்மதி தெரியுமா. இதைப் பெருமையாகச் சொன்னால் மெலிண்டாவுக்கு முகம் தொங்கிப்போச்சு. "அங்கிள், பயத்தைத்தான் ஏத்துக்கச் சொன்னேன், வீட்டுலயே உட்கார்ந்திருக்கறதை இல்ல"ங்குது. சின்னப் பொண்ணு, அனுபவம் பத்தாது. ஆகவே, எங்கள் சித்தப்பா மகன் தனேஸ்வரன் காலையில் என் வேனை ஓட்டிக்கொண்டு வருவான். அவனும் விமலாவுக்கு அண்ணன் முறைதான், மடியும் என்னுடையதைவிட அகலம். கம்மலையும் இந்தக் கடிதத்தையும் அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். ஆசாரி ஊசி எடுக்கும்போது பாப்பா கண்ணைப் பொத்தக் கூடாது, பொத்தினால்தான் அதிகம் அழுவாள், வீடியோ போனில் பார்த்து வைத்திருக்கிறேன். இனிப்புக் கச்சாங் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டால் அடங்கிவிடுவாள்.

பாப்பாவின் காதும் உங்கள் குடும்பமும் பொன்னாக விளங்கட்டும். விமலாவிடம் அண்ணன் கேட்டதாகச் சொல்லுங்கள், சாப்பிட்ட பிறகு சொல்லுங்கள்.

மாறாத முடிவுடன்,
உங்கள் மச்சான்
உடையப்பன்

பி.கு.: மச்சான், மேல எழுதினதை விட்டுருங்க. இப்ப ஞாயிற்றுக்கிழமை காலை, உங்க ஊர் கோப்பிக் கடையில உட்கார்ந்து எழுதறேன். தனேஸ்வரன் வந்து கம்மலுக்குக் கையை நீட்டினான். "அண்ணே, பாப்பா அழுதா எப்படிப் பிடிக்கணும்? என்கிட்ட அது வந்ததே இல்லையே"ன்னு கேட்டான். எனக்குக் கம்மலைக் கொடுக்கக் கை வரல. ஏறுடா வேன்லன்னு சொல்லி நானே ஓட்டினேன். சுரங்கத்துக்குள்ள பெரட்டு எடுத்தேன், மனசுக்குள்ள இல்ல, சத்தமா. எல்லாரும் ஆஜர், ஒருத்தரும் லீவு போடல. "செத்துருவேன்!"னு கூப்பிட்டப்ப தனேஸ்வரன் கண்ணை இறுக்க மூடிக்கிட்டு ஆஜர் சொல்லிட்டான். இனிமே என் வேன்ல ஏற மாட்டானாம், காது குத்துற கோயிலுக்கு நடந்தே வந்து இந்தக் கடிதத்தைக் கொடுப்பான், அவனுக்கு மெலிண்டா நம்பரைக் கொடுத்திருக்கேன். எனக்குப் பயம் போகல மச்சான், பக்கத்து நாற்காலியிலதான் உட்கார்ந்திருக்கு, அதையும் கூட்டிக்கிட்டு வாரேன். ஆசாரியைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க. கால் ரெண்டும் இன்னும் நடுங்குது, பாப்பாகிட்ட மாமா மடி ஊஞ்சல்னு சொல்லி வைங்க.