கூரைக் கொக்கி

"என்னங்க, மேல ஏதோ படபடங்குது."

வெல்டருக்கும் கேட்டது. கேட்காதவர் போல இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார். சில சத்தங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அவையாகவே அலுத்துப்போய் நின்றுவிடும் என்பது அவர் அனுபவம். இந்தச் சத்தம் அலுக்கவில்லை.

"கூரைதான் திறந்துகிச்சு," என்றாள் மனைவி.

"திறக்காது. நான் செஞ்ச கொக்கி."

"அப்போ மூடியிருக்கிற கூரைதான் படபடங்குதா?"

அவர் ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தார். கூரையின் முன்பக்கம் இரண்டு முழத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. கூரைக்கும் வண்டிக்கும் நடுவே இருந்த கித்தான் காற்றை வாங்கிப் பலூன் மாதிரி உப்பியிருந்தது.

அது வீட்டு வண்டி. உள்ளே மடக்குக் கட்டில், இரண்டு பர்னர் அடுப்பு, பாத்திரம் கழுவச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு தொட்டி, மனைவி தைத்த பூப்போட்ட திரைகள். நிறுத்தி வைத்திருக்கும்போது கூரையைத் தூக்கிவிட்டால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். ஓடும்போது ஒரே ஒரு கொக்கி அதை இழுத்துப் பிடித்திருக்கும். வண்டி வெல்டரைவிட நாலு வயது மூத்தது. பழைய இரும்புக் கடையில் தரையே இல்லாமல் கிடந்ததைக் கொண்டுவந்து ஐந்து வருஷம், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உட்கார்ந்து உயிர் கொடுத்திருந்தார். ஆறு நாள் ஊரார் வீட்டுக் கேட்டுக்கும் கிரில்லுக்கும் நெருப்புப் பொறி வாங்கிய கை, ஏழாம் நாள் இதற்கும் வாங்கியது. அந்தக் கொக்கியை மட்டும் மூன்று முறை செய்து இரண்டு முறை தூக்கி எறிந்திருந்தார்.

இன்றைக்கு ஏரிக்கரையில் பழைய வீட்டு வண்டிக்காரர்களின் கூட்டம். சோதனையில் தேறும் வண்டிகள் எல்லாம் ஏரியைச் சுற்றி ஊர்வலம் போகும். வெல்டருக்கு இதுதான் முதல் கூட்டம்.

பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். பின் இருக்கையில் மாமனார் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மாமனார் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பத்தொன்பது வருஷமாக மருமகனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. கெட்ட வார்த்தையும் சொன்னதில்லை. மரியாதையாகவே மட்டம் தட்டுவார்.

"மாமா, கூரை திறந்துகிச்சு. நீங்க பார்க்கலையா?"

மாமனார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "நான் தூங்குறேன். உங்க கொக்கிக்கு நானா காவல், மாப்பிள்ளை?"

எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்த தலை இப்போது பின்பக்கமாகச் சிலிர்த்து நின்றது. தூங்கி எழுந்த தலை.

கிளம்பும்போதே ஒரு பந்தயம் நடந்திருந்தது. "இந்தத் தகர டப்பாவுல நான் போறதை என்கூட வேலை பார்த்தவன் எவனாவது பார்த்தா என் மானம் கப்பலேறிடும்," என்று சொல்லி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கனமாக ஒரு திரையைத் தொங்கவிட வைத்தார் மாமனார்.

"அப்புறம் ஏன்ப்பா வர்றீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"பாதி வழியில நின்னா தள்ளுறதுக்கு ஒரு ஆள் வேணாமா?"

வெல்டருக்குச் சுருக்கென்றது. "மாமா, ஊர்வலத்துல இந்த வண்டி ஒரு சுத்து வரும்."

"வந்துச்சுன்னா நான் முன்சீட்டுல உக்காந்து வர்றேன். வரலைன்னா நாளைக்கே பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுங்க. எடுத்த இடத்துலயே போய்ச் சேரட்டும்."

அது நினைவுக்கு வந்ததும் வெல்டர் சுத்தியலை எடுத்தார். கொக்கியை மாட்டி, அதன் தலையில் ஓங்கி நாலு போடு போட்டார். கொக்கி இறுகியது. கூடவே, மூன்று கோட் அடித்து மெருகேற்றியிருந்த கூரை விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்து விழுந்தது.

"அழகா இருக்கு," என்றது பின் இருக்கை.

மறுபடி கிளம்பினார்கள். இரண்டு கல் தொலைவு போவதற்குள் வெல்டரின் மனம் சரியாகிவிட்டது. காரணம், எதிரே வந்தவர்கள். ஒரு லாரிக்காரர் கையைத் தூக்கினார். ஒரு பஸ் டிரைவர் ஹாரனை இரண்டு முறை அடித்து வணக்கம் வைத்தார். காரில் வந்த குடும்பமே ஜன்னல் வழியாகக் கையாட்டியது.

"பார்த்தியா? எல்லாரும் நம்ம வண்டிக்குக் கை காட்டுறாங்க!"

"பார்க்குறேன், பார்க்குறேன். நீங்க ரோட்டைப் பாருங்க."

"மாமா! கேக்குதா? பஸ் டிரைவர் ஒருத்தர் ஹாரன் அடிச்சுட்டுப் போறார்!"

திரைக்குப் பின்னால் இருந்து பதில் இல்லை. பொறாமை, தூங்குவது போல நடிக்கிறார் என்று வெல்டர் நினைத்துக்கொண்டார். அவரும் ஒவ்வொருவருக்கும் கையைத் தூக்கினார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். குனிந்து குனிந்தே வேலை செய்த முதுகு. நிமிர்ந்தபோது அதற்கே அது புதிதாக இருந்தது.

பின்னாலேயே ஒரு பச்சை வண்டி வந்துகொண்டிருந்தது. அதுவும் வீட்டு வண்டி. ஓட்டியவர் தாடிக்காரர். முந்திப் போக இடம் இருந்தும் முந்தாமல், சிரித்துக்கொண்டே ஹாரனை அடித்துக்கொண்டு வந்தார்.

மனைவி தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டாள். "என்னங்க. சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"அவங்க யாரும் உங்களைப் பார்த்துக் கையாட்டலை. மேல பார்த்து ஆட்டுறாங்க. கூரை மறுபடி தொறந்துகிடக்கு."

வெல்டருக்குக் காது மடல் சுட்டது. மரியாதை என்று நினைத்ததெல்லாம் எச்சரிக்கையா? 'அடேய், கூரை பறக்குதுடா' என்று சொன்னவர்களுக்கா இவர் ராஜா மாதிரி கையாட்டிக்கொண்டு வந்தார்? வண்டியை ஓரம் கட்டினார். பச்சை வண்டி ஹாரன் அடித்தபடி கடந்து போனது. அந்தத் தாடிக்காரர் முகத்தை அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

உள்ளே மாமனார் அதே இடத்தில் அதே குறட்டையில் இருந்தார். கித்தானின் முன்பக்கத்தில் காற்றுக்காக வைத்திருந்த ஜன்னலின் ஜிப் முழுக்கத் திறந்து கிடந்தது.

"காத்து ஜிப்பைக்கூடத் திறந்துடுச்சு பாரு," என்றார் வெல்டர் தளர்ந்துபோய்.

"காத்துக்கு இவ்வளவு விவரமா?" என்றாள் மனைவி.

இம்முறை துணி காயப்போடும் கயிறு வெளியே வந்தது. கொக்கியில் கட்டி, மறுமுனையை அலமாரிக் காலில் இழுத்து முடிச்சுப் போட்டார். முடிச்சின் மேல் முடிச்சு, அதன் மேல் இன்னொன்று. ஐந்து நிமிஷம் ஓட்டினார். படபட.

போய்ப் பார்த்தால் கயிறு அவிழ்ந்து, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அலமாரிக் கதவும் கழன்று வந்திருந்தது. உள்ளே இருந்த சர்க்கரை தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது.

"நீ கொடுத்த கயிறு வழுக்குற கயிறு."

"பத்து வருஷமா உங்க ஜீன்ஸ் பேன்ட்டைத் தாங்குன கயிறுங்க அது. ஈரத்தோட!"

"ரெண்டு பேரும் கொஞ்சம் சண்டையை நிறுத்துறீங்களா?" மாமனார் எழுந்து உட்கார்ந்தார். குரல் கரகரவென்று வந்தது. "உங்க வண்டித் தூசி என் தொண்டையைக் கட்டிடுச்சு, மாப்பிள்ளை. எங்க பஸ்ல அம்பது பேர் ஏறுவாங்க. ஒருத்தருக்காவது தொண்டை கட்டியிருக்குமா?"

கோபம் வந்தால் வெல்டருக்கு வேலை வேகமாக நடக்கும். சுமை கட்டும் தடித்த கயிற்றை எடுத்துக் கூரைக்கு மேலாக வீசி, முன் ஜன்னல்கள் இரண்டின் வழியாகவும் உள்ளே இழுத்து, தன் மடிக்கு மேலே முடிச்சுப் போட்டார். இனி கூரை ஆகாசத்துக்குப் போவதென்றால் வண்டியையும் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும்.

"இப்ப கதவு ரெண்டையும் திறக்க முடியாதே," என்றாள் மனைவி, தன் பக்கத்து ஜன்னலில் குறுக்கே ஓடிய கயிற்றைப் பார்த்து.

"எதுக்குத் திறக்கணும்? போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கலாம்."

புறப்பட்ட மூன்றாவது நிமிஷம் திரைக்குப் பின்னால் இருந்து தட்டல் கேட்டது.

"மூச்சு முட்டுது! காத்தே இல்ல!"

"பக்கத்து ஜன்னலைத் திறங்க மாமா."

"அந்தக் காத்து எனக்கு ஒத்துக்காது. மேல இருந்து வரணும். கயிறைத் தளர்த்துங்க. இல்ல, என்னை இங்கேயே இறக்கிவிடுங்க. நான் பஸ்ல வர்றேன்."

"அப்பாவுக்கு வயசாயிடுச்சுங்க," என்றாள் மனைவி தாழ்ந்த குரலில்.

"எவ்வளவு தளர்த்தணும்?"

"ஒரு முழம்," என்றது திரை, யோசிக்காமலே.

ஒரு முழம் தளர்த்தினார். கூரை ஒரு முழம் எழும்பி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் டமார், டமார் என்று அடித்துக்கொண்டு வந்தது. எதிரே வந்தவர்கள் முன்னைவிட உற்சாகமாகக் கையாட்டினார்கள். ஒரு டிராக்டர்காரர் எழுந்து நின்றே ஆட்டினார். வெல்டர் யாரையும் பார்க்கவில்லை. ஐந்து வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளையும் எண்ணிக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பார்த்தே ஓட்டினார். நாளைக்கு இரும்புக்காரனுக்கு என்ன சொல்வது என்றும் யோசித்தார்.

ஏரிக்கரையில் நாற்பது, ஐம்பது வண்டிகள் வரிசையாக மின்னிக்கொண்டு நின்றன. இவர்களுடையது டமார் என்ற கடைசி அடியோடு போய் நின்றது. கூட்டமே திரும்பியது.

மடியில் இருந்த முடிச்சு வழியெல்லாம் இழுபட்டுக் கல்லாக இறுகியிருந்தது. கத்தி பின்னால் இழுப்பறையில்; முன்சீட்டிலிருந்து அங்கே தாண்டிப் போக இடமில்லை. கூப்பிட்டால் மாமனார் குறட்டை விட்டார். வேறு வழியில்லை. வெல்டர் ஜன்னல் வழியாக இறங்க முயன்றார். தோள் வந்தது, வயிறு வரவில்லை.

"மூச்சை விடுங்க!" என்று மனைவி உள்ளே இருந்து தள்ளினாள்.

"விட்டாச்சு! இதுதான் மிச்சம்!"

நாலைந்து பேர் போட்டோ எடுத்தார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். மண்ணில் விழுந்தவர் முன்னால் ஒரு ஜோடி பூட்ஸ் நின்றது. நிமிர்ந்தார். காதில் பென்சிலும் கையில் சோதனைப் படிவமுமாக ஓர் அம்மாள். வண்டிகளைச் சோதிப்பவர்.

"கயிறு கட்டின கூரையை ஊர்வலத்துல விடமாட்டோம்," என்றார் அவர். "அறுத்து எடுங்க. கொக்கி மட்டும் தாங்குதான்னு பார்க்கணும்."

வெல்டர் உள்ளே போய், கத்தியால் கயிற்றை அறுத்தார். கூரையை இழுத்துக் கொக்கியை மாட்டினார். மாமனார் எழுந்து, மூலையில் போய் நின்றுகொண்டார். தலைமுடி மொத்தமும் வானத்தைப் பார்த்தது.

சோதனை அம்மாள் கொக்கியைத் தள்ளினார். இழுத்தார். வெளியே போய்க் கூரையை இரண்டு ஆட்களை விட்டுத் தூக்கச் சொன்னார். வண்டிதான் ஆடியது. கடைசியில் உள்ளே வந்து, கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தூக்கித் தொங்கியே விட்டார்.

கொக்கி அசையவில்லை.

"யார் செஞ்சது இது?"

"நான்தாங்க," என்றார் வெல்டர், குற்றத்தை ஒப்புக்கொள்பவர் போல. "ஆனா வழியெல்லாம் திறந்துகிட்டே வந்துச்சு."

"இது காத்துக்குத் திறக்குற கொக்கி இல்லீங்க." படிவத்தில் குறி போட்டார். "இருபது வருஷமா பார்க்குறேன். இந்த மாதிரி சுத்தமான வேலை ரெண்டோ மூணோதான். வரிசையில போய் நில்லுங்க."

வெல்டர் கொக்கியைப் பார்த்தார். கொக்கி அவரைப் பார்த்தது. இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"இங்க வந்து மட்டும் ஒழுங்கா பிடிக்குது," என்று கரகரத்தார் மாமனார், எங்கோ பார்த்துக்கொண்டு. "சரி, சொன்ன சொல் சொல்லுதான். நான் முன்சீட்டுக்கு வர்றேன். வேற வழி?"

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தார். மனைவி பின்னால் போனாள். வெல்டர் சாவியைத் திருப்பினார். வண்டி முதல் திருப்பிலேயே உயிர் பெற்றது.

அப்போது பக்கத்தில் நின்ற பச்சை வண்டியில் இருந்து தாடிக்காரர் ஒரு பிளாஸ்க்கோடு இறங்கி ஓடிவந்தார். மாமனார் அவசர அவசரமாக ஜன்னல் கண்ணாடியை ஏற்றப் பார்த்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது.

"பெரியவரே, இந்தாங்க சுடுதண்ணி!" என்றார் தாடிக்காரர். "கூரை வழியா தலையை நீட்டிக்கிட்டு, எதிர்ல வந்தவன் ஒருத்தனையும் விடாம கையைத் தூக்கித் தூக்கி, 'என் மாப்பிள்ளை தன் கையால செஞ்ச வண்டி'ன்னு அத்தனை தூரமும் கத்தினா தொண்டை கட்டாம என்னங்க செய்யும்?"